கதிர் படக் கூடாத இடங்கள்

தோ பாயோவிலிருந்து நொவீனாவுக்கு ரயிலில் ஒரே நிறுத்தம்தான். இருக்கை தேடுவதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும். ஆனால் டான் டொக் செங் மருத்துவமனை வளாகத்துக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சைக்காகப் போகும் மலக்குடல் புற்றுநோயாளிக்கு, பயண நேரத்தைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. சிறுநீரை எப்போது கழிப்பது, அதன்பின் எத்தனை கோப்பைத் தண்ணீர் குடிப்பது, எவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டு காத்திருப்பது என்பதுதான் அது. பல மில்லியன் வெள்ளி பெறும் இயந்திரம் தயாராக நிற்கும். சிறுநீர்ப்பை நிறையவில்லை என்றால், "இன்னும் கொஞ்சம் குடித்துவிட்டு வாருங்கள்" என்று வெளியே அனுப்பிவிடுவார்கள்.

காரணம் எளியது. நிறைந்த சிறுநீர்ப்பை பலூன்போல் எழும்பி, இடுப்புக்குழிக்குள் சரிந்து கிடக்கும் சிறுகுடலை மேலே தள்ளிவிடும். சிறுகுடல் கதிர்வீச்சைத் தாங்காது. அதன் உட்சுவரில் உள்ள செல்கள் சில நாளுக்கு ஒருமுறை புதிதாக முளைப்பவை. கதிர் பட்டால் அவைதான் முதலில் வாடும். வயிற்றுப்போக்கு, வலி, சில வருடம் கழித்துக் குடல் சுருங்கி அடைப்பு என்று வரிசையாகத் தொல்லை வரும். இத்தனையையும் தவிர்க்க மூன்று கோப்பைத் தண்ணீர் உதவுகிறது.

இந்தச் சிகிச்சை மேம்பட்டிருக்கிறது என்று கேள்விப்படும்போது, இயந்திரத்தின் வலிமை கூடியிருக்கிறது என்றே பலரும் எண்ணுகிறார்கள். கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் மருத்துவர்கள் உண்மையில் கற்றுக்கொண்டது கதிர் எங்கே படக் கூடாது, எப்போது கொடுக்கக் கூடாது, யாருக்கு அது வேண்டவே வேண்டாம் என்பதைத்தான்.

தோ பாயோவாசிகளுக்கு ஓங் டெங் சியோங்கின் பெயர் பழக்கமானது. அதிபராவதற்கு முன் அவர் தோ பாயோ குழுத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். அவர் அதிபராக இருந்தபோதே, 1999 ஜூலையில், துணைவியார் லிங் சியூ மே பெருங்குடல் புற்றுநோயால் காலமானார். சிங்கப்பூரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அதிகம் வரும் புற்றுநோய்களின் முன்வரிசையில் இந்த நோய் இருக்கிறது. பெருங்குடலையும் மலக்குடலையும் சேர்த்து ஒரே பெயரில் கணக்கிடுவது வழக்கம். கதிர்வீச்சு மருத்துவருக்கோ இவை இரண்டும் வேறுவேறு நோய்கள். பெருங்குடலில் வரும் கட்டிக்குப் பொதுவாகக் கதிர்வீச்சு கொடுப்பதில்லை. மலக்குடலில் வந்தால்தான் அந்தப் பேச்சே எழும்.

மலக்குடல் என்பது குடலின் கடைசிப் பதினைந்து சென்டிமீட்டர் அளவு. ஒரு சாண்கூட இல்லை. பெருங்குடல் வயிற்றுக்குள் விசாலமாகத் தொங்குகிறது. அறுவை மருத்துவர் கட்டிக்கு இருபுறமும் தாராளமாக விட்டு வெட்டலாம். மலக்குடலோ எலும்புக் கிண்ணத்துக்குள் ஆப்படித்ததுபோல் உட்கார்ந்திருக்கிறது. முன்னால் சிறுநீர்ப்பை, ஆணுக்குச் சுக்கிலச்சுரப்பி, பெண்ணுக்குக் கருப்பையும் யோனியும். பின்னால் திரிகம் என்னும் எலும்பு. பக்கங்களில் சிறுநீரையும் பாலுறவையும் ஆளும் மெல்லிய நரம்புகள். கத்தி நகர இடமில்லை. ஓரத்தில் ஒரு சில செல்கள் தங்கிவிட்டாலும் அதே இடத்தில் கட்டி மறுபடி வளரும். இடுப்பெலும்பையும் நரம்பையும் பற்றிக்கொள்ளும் அந்த மறுவளர்ச்சிதான் இந்த நோயின் கொடுமையான முகம்.

1908இல் லண்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் மைல்ஸ் இதற்குக் கண்ட வழி, மலக்குடலையும் ஆசனவாயையும் முழுக்க எடுத்துவிட்டு, வயிற்றில் துளையிட்டு மலம் வெளியேற நிரந்தரமாக வழி செய்வது. அன்றைக்கு அது உயிர் காத்த பெரிய முன்னேற்றம். தமிழ்நாட்டில் அந்த வசதியும் எட்டாத காலம். முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை சுந்தராம்பாள் 1923இல் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். தொடக்கத்தில் அதைச் சீதபேதி என்றே நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். மருத்துவரான அக்காவின் கண்முன்னே தங்கை போனாள். அந்த வலியை முத்துலட்சுமி முப்பது ஆண்டுகள் சுமந்தார். 1954இல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் நிலையம் திறந்தது. 1957இல் அங்கே கோபால்ட்-60 கதிர்வீச்சு இயந்திரம் வந்தது. இந்தியாவில் அதுவே முதல். தமிழர்களின் முதல் பெரிய புற்றுநோய் மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு மலக்குடல் புற்றுநோய் இருந்தது என்பதைப் பலர் அறிவதில்லை.

கோபால்ட் காலத்தில் கதிர் வீசுவது ஏறக்குறைய ஜன்னல் வழியே வெயில் விழுவது மாதிரி. நாலு பக்கத்திலிருந்து நாலு சதுரங்கள். அந்தப் பெட்டிக்குள் அகப்பட்ட எல்லாமே கதிரை வாங்கிக்கொள்ளும். ஆனாலும் பலன் இருந்தது. சுவீடனில் நடந்த பெரிய ஆய்வு 1997இல் வெளியானபோது, அறுவை சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்கு ஐந்தாண்டுக்குள் அதே இடத்தில் நோய் திரும்பியிருந்தது. முன்கூட்டியே ஒரு வாரம் கதிர்வீச்சு பெற்றவர்களில் அது 11 விழுக்காடுதான். உயிரோடிருந்தவர்களின் விகிதமும் 48இலிருந்து 58 விழுக்காட்டுக்கு உயர்ந்தது.

இதற்கிடையில் அறுவை சிகிச்சையே மாறிவிட்டது. இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் ஊரைச் சேர்ந்த பில் ஹீல்ட் 1982இல் ஒரு நுட்பத்தை எடுத்துச் சொன்னார். மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்புறை இருக்கிறது. நிணநீர்க் கணுக்கள் அதற்குள்ளேதான் பொதிந்திருக்கின்றன. அந்த உறையைக் கிழிக்காமல், கையால் பிய்த்தெடுக்காமல், கண்ணால் பார்த்துக் கூர்மையாக வெட்டி முழுப் பொட்டலமாக வெளியே எடுத்தால் நோய் திரும்புவது வெகுவாகக் குறையும். நெதர்லாந்துக்காரர்கள் 1,861 நோயாளிகளை வைத்து, ஹீல்டின் முறையில் அறுத்தாலும் கதிர்வீச்சு தேவையா என்று சோதித்தார்கள். 2001இல் விடை வந்தது. இரண்டாண்டில் நோய் திரும்பியது கதிர் பெறாதவர்களில் 8.2 விழுக்காடு, பெற்றவர்களில் 2.4 விழுக்காடு. கதிர் உதவியது உண்மை. ஆனால் நல்ல அறுவை சிகிச்சையே பெரும்பாலான வேலையைச் செய்துவிட்டது. மொத்த ஆயுளிலும் இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை.

அதே நோயாளிகளை ஐந்தாண்டு கழித்து விசாரித்தபோது இன்னொரு கணக்கும் தெரிந்தது. கதிர் பெற்றவர்களில் 62 விழுக்காட்டினருக்கு மலத்தை அடக்க முடியாத தொல்லை இருந்தது. பெறாதவர்களில் 38. கதிர் பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் உள்ளாடைக்குள் பஞ்சுப்பட்டை வைத்துக்கொண்டே வெளியே போனார்கள். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகும்போது முதலில் கழிப்பறை எங்கே என்று தேடும் வாழ்க்கை அது. இந்த எண்கள் நோயாளியிடம் முதல் நாளே, ஒளிக்காமல் சொல்லப்பட வேண்டியவை. நூறு பேரில் ஆறு பேரைக் காக்க, தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களின் குடலையும் தசையையும் சுடுகிறோம். அந்த ஆறு பேர் யார் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா என்ற கேள்வியிலிருந்துதான் பின்னால் வந்த முன்னேற்றங்கள் பிறந்தன.

அதற்கு முதல் விடையை எம்ஆர்ஐ படம் கொடுத்தது. மெல்லிய அடுக்குகளாக எடுக்கும் படத்தில் கட்டிக்கும் கொழுப்புறையின் ஓரத்துக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று அளந்துவிடலாம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவென்றால் அபாயம். நிறைய இடம் இருந்தால் கதிர்வீச்சைப் பற்றி நிதானமாக யோசிக்கலாம். எல்லாருக்கும் ஒரே மருந்துச்சீட்டு என்ற காலம் அத்துடன் முடிந்தது.

அடுத்தது, முன்னாலா பின்னாலா என்ற கேள்வி. ஜெர்மானியர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்கு முன்பே கதிரும் கீமோதெரபி மருந்தும் பெற்றவர்களில் 6 விழுக்காட்டினருக்கும், பின்னால் பெற்றவர்களில் 13 விழுக்காட்டினருக்கும் அதே இடத்தில் நோய் திரும்பியது. பக்கவிளைவும் முன்னால் பெற்றவர்களுக்கே குறைவு. மலக்குடலை எடுத்த பிறகு காலியான இடத்தில் சிறுகுடல் வந்து விழுந்துவிடும். அப்போது எத்தனை கோப்பைத் தண்ணீர் குடித்தாலும் அதை விலக்க முடியாது. அறுத்த இடத்தில் ரத்த ஓட்டமும் குறைவு. கதிர் செல்லைக் கொல்ல ஆக்சிஜன் துணை வேண்டும் என்பதால், ரத்தம் பாயாத இடத்தில் அது வலுவிழக்கிறது.

கதிர்வீச்சின் அளவைக் கிரே என்று சொல்வார்கள். ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் படிந்தால் ஒரு கிரே. முழுச் சிகிச்சையும் சேர்ந்தாலே கிலோவுக்கு ஐம்பது ஜூல்தான். காப்பிக்கடையில் ஆறிப்போன கோப்பியை ஒரு டிகிரிகூடச் சூடாக்க அது போதாது. அது கொல்வது சூட்டால் இல்லை. செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை உடைத்து, அந்தத் துணுக்குகளால் மரபிழையின் இரு இழைகளையும் அறுத்துவிடுகிறது. நல்ல செல்லுக்கும் அதே காயம்தான். ஆனால் அதற்குப் பழுதுபார்க்கத் தெரியும். சில மணி நேரத்தில் பெரும்பகுதியைத் தைத்துவிடும். புற்றுச்செல்லுக்கு அந்தத் தையல் சரியாக வராது. அதனால்தான் ஒரே மூச்சில் கொடுக்காமல் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள். நீண்ட முறையில் ஒரு நாளைக்கு 1.8 கிரே வீதம் 28 நாள், மொத்தம் 50.4 கிரே. குறுகிய முறையில் நாளைக்கு 5 கிரே வீதம் ஐந்து நாள், மொத்தம் 25.

ஐந்து நாளா, ஐந்தரை வாரமா? அறுபதுகளில் எழும்பத் தொடங்கிய தோ பாயோ அடுக்குமாடிகளில் இன்று முதியோர் அதிகம். எழுபது வயது அம்மாவை 28 நாள் நொவீனாவுக்கோ அவுட்ரமுக்கோ அழைத்துப்போக மகளோ மகனோ விடுப்பு எடுக்க வேண்டும். ஐந்து நாள் என்றால் ஒரு வார விடுப்பில் முடிந்துவிடும். 2020இல் கோவிட் பரவியபோது, மருத்துவமனைப் பக்கம் வரும் நாட்களைக் குறைக்க உலகெங்கும் நிபுணர்கள் குறுகிய முறையையே முன்மொழிந்தார்கள். ஆனால் வசதியை மட்டும் வைத்து முடிவு செய்யவும் முடியாது. குறுகிய கதிர்வீச்சும் அதன்பின் பல மாத மருந்தும் என்ற முறையைச் சோதித்த ராப்பிடோ ஆய்வு 2021இல் வெளியானபோது உற்சாகம் பெரிதாக இருந்தது. அறுத்து எடுத்த மலக்குடலில் புற்றே மிச்சமில்லாதவர்களின் விகிதம் 14இலிருந்து 28 விழுக்காட்டுக்கு ஏறியிருந்தது. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது, நீண்ட முறையில் 6 விழுக்காட்டினருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியிருக்க, குறுகிய முறையில் 10 விழுக்காட்டினருக்குத் திரும்பியிருந்தது. அதனால் கட்டியின் இடமும் பரவலும் பார்த்தே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

மிச்சமில்லாத புற்று என்பதை மேலே சாதாரணமாகச் சொல்லிவிட்டோம். இந்தத் துறையில் நடந்த துணிச்சலான காரியம் அதைச் சுற்றித்தான் நடந்தது.

பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் அஞ்செலிதா ஹப்ர்-காமா என்ற பெண் அறுவை மருத்துவர் இருந்தார். கதிரும் மருந்தும் கொடுத்த பின் அவர் அறுத்தெடுத்த சில மலக்குடல்களில், நோயியல் மருத்துவர் எவ்வளவு தேடியும் ஒரு புற்றுச்செல்கூடக் கிடைக்கவில்லை. அப்படியானால் அந்த உறுப்பை ஏன் எடுத்தோம்? அந்த மனிதருக்கு வயிற்றில் பை எதற்கு? 1991 முதல், கட்டி முழுவதும் மறைந்துவிட்ட நோயாளிகளை அவர் அறுக்காமல் கண்காணிக்கத் தொடங்கினார். 2004இல் வெளியிட்ட கணக்கில் 265 பேரில் 71 பேர், அதாவது ஏறக்குறைய 27 விழுக்காட்டினர், கத்தி படாமல் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். உலகத்தின் அறுவை மருத்துவர்கள் நம்பவில்லை. புற்றை உள்ளேயே விட்டுவைக்கிறார் என்று கண்டித்தார்கள். அவர் விடாமல் கணக்கு வைத்தார்.

அவர் பொறுமைக்கு உயிரியல் துணை நின்றது. கதிர் பட்ட செல் அன்றைக்கே சாவதில்லை. அடுத்த முறை இரண்டாகப் பிரிய முயலும்போதுதான், மரபிழை அறுந்திருப்பதால் மடியும். ஆகவே கடைசிக் கதிர் பட்டு வாரக்கணக்கில் கட்டி கரைந்துகொண்டே போகிறது. சீக்கிரம் அறுத்தால், தானே கரையவிருந்ததையும் வெட்டி எடுத்துவிடுவோம். குறுகிய முறைக்குப் பிறகும் நாலு முதல் எட்டு வாரம் பொறுத்து அறுத்தால் சிக்கல்கள் குறைகின்றன என்று சுவீடனின் மூன்றாவது ஸ்டாக்ஹோம் ஆய்வு 2017இல் காட்டியது.

இப்போது 'கவனித்துக் காத்திருத்தல்' என்ற அந்த முறை உலகெங்கும் ஏற்கப்பட்டுவிட்டது. 15 நாடுகளின் 880 நோயாளிகளைக் கொண்ட பதிவேடு 2018இல் வெளியானது. நாலில் ஒருவருக்கு இரண்டாண்டுக்குள் கட்டி மீண்டும் தலைகாட்டியது. அதில் 97 விழுக்காடு குடல் சுவரிலேயே, விரலுக்கும் குழாய்க் கேமராவுக்கும் எட்டும் இடத்திலேயே முளைத்தது. கண்டுபிடித்ததும் அறுத்துவிடலாம். அமெரிக்காவின் ஓப்ரா ஆய்வு வரிசையையும் சோதித்தது. முதலில் மருந்து, பிறகு கதிர் என்று பெற்றவர்களில் 41 விழுக்காட்டினர் மூன்றாண்டு கழித்தும் மலக்குடலோடு இருந்தார்கள். கதிரை முதலில் கொடுத்து மருந்தைப் பின்னால் கொடுத்தபோது அது 53 விழுக்காடு. அதே மருந்து, அதே கதிர். முன்பின் மாற்றியதற்கு இவ்வளவு பலன்!

காத்திருத்தல் என்பது சும்மா இருத்தல் ஆகாது. முதல் இரண்டு ஆண்டுகள் சில மாதத்துக்கொரு முறை விரல் பரிசோதனை, குழாய்க் கேமரா, எம்ஆர்ஐ என்று ஒன்றையும் தவறவிடாமல் வர வேண்டும். ஊருக்குப் போய்விட்டேன், தீபாவளி வந்துவிட்டது என்று தள்ளிப்போடுகிறவருக்கு இந்த வழி ஆபத்தானது. மருத்துவர் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

குறிபார்ப்பதும் நன்றாக மேம்பட்டிருக்கிறது. இன்றைய இயந்திரம் படுக்கையைச் சுற்றிச் சுழன்றபடியே கதிரைப் பொழிகிறது. அதன் வாயில் டங்ஸ்டன் தகடுகள் சீப்பின் பற்கள்போல் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு கோணத்திலும் கட்டியின் வடிவத்துக்கேற்ப அவை முன்னும் பின்னும் நகர்ந்து, கதிரைச் செதுக்கி அனுப்பும். பழைய சதுரப் பெட்டி போய், சிறுநீர்ப்பையையும் சிறுகுடலையும் வளைந்து விலகும் குதிரைலாட வடிவம் வந்துவிட்டது. தினமும் கதிர் தொடங்கும் முன் அந்த இயந்திரமே ஒரு படம் எடுத்து, நேற்றைய இடத்தில்தான் இன்றும் குடல் கிடக்கிறதா என்று ஒப்பிடும்.

பிரான்சிலும் இங்கிலாந்திலும் வேறொரு வழியும் செல்வாக்குப் பெற்றிருக்கிறது. ஆசனவாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டியின் மேலேயே வைத்து, சில மில்லிமீட்டருக்கு மேல் ஊடுருவாத மென்கதிரை 30 கிரே வீதம் மூன்று முறை கொடுப்பது. லியோன் நகரின் ஜான் பப்பியோன் வளர்த்த பழைய முறை இது. 2023இல் வெளியான ஓபரா ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு இதையும் சேர்த்தவர்களில் 81 விழுக்காட்டினர் மூன்றாண்டு கழித்தும் மலக்குடலை இழக்கவில்லை. மற்றப் பிரிவில் 59. மூன்று சென்டிமீட்டருக்கும் சிறிய கட்டிகளில் 97 விழுக்காடு.

புரோட்டான் சிகிச்சை பற்றியும் சிங்கப்பூர்க் குடும்பங்கள் கேட்கின்றன. 2023இல் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் கோ செங் லியாங் புரோட்டான் சிகிச்சை நிலையம் திறந்ததிலிருந்து அந்தச் சொல் வீட்டுப் பேச்சில் வந்துவிட்டது. மலக்குடல் புற்றுக்கு முதல்முறை சிகிச்சையாக அது வழக்கத்தில் இல்லை. முன்பே கதிர் வாங்கிய இடுப்பில் நோய் திரும்பி, மறுபடி கதிர் கொடுக்க நேரும்போது அதைப் பற்றி யோசிக்கலாம்.

சிலருக்குக் கதிரே வேண்டாம் என்ற கட்டமும் வந்திருக்கிறது. 2023இல் வெளியான ப்ராஸ்பெக்ட் ஆய்வில், ஆசனவாய்த் தசையைக் காப்பாற்றும் அறுவைக்கு இடமுள்ள, மிதமாகப் பரவிய நோயுடைய ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கம்போல் கதிரும் மருந்தும். மற்றப் பிரிவுக்கு மருந்து மட்டும். அது போதாதவர்களுக்கு மட்டும் கதிர். அப்படி அறுவைக்கு முன் கதிர் தேவைப்பட்டவர்கள் நூற்றில் ஒன்பது பேரே. ஐந்தாண்டு கழித்து நோயின்றி இருந்தவர்கள் இரு பிரிவிலும் ஏறக்குறைய சமம். இளம்பெண்களுக்கு இது பெரிய செய்தி. இடுப்புக்குக் கதிர் கொடுத்தால் சூலகங்கள் செயலிழந்துவிடும். அதைத் தவிர்க்க, முன்கூட்டியே சிறு அறுவையில் சூலகங்களை மேலே நகர்த்தி வைப்பதும் உண்டு. இந்திய மருத்துவமனைகளில் ஐம்பதைத் தொடாத மலக்குடல் நோயாளிகள் கணிசமாக இருப்பதால், பிள்ளைப்பேறு பற்றிய பேச்சைச் சிகிச்சை தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும். கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டால் பிறகு வாய்ப்பில்லை.

நியூயார்க்கில் 2022இல் வெளியான இன்னொரு சிறு ஆய்வில், மரபிழைப் பிழைகளைத் திருத்தும் திறன் பழுதான கட்டிகள் கொண்ட 12 பேருக்கு டோஸ்டர்லிமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து மட்டும் கொடுத்தார்கள். 12 பேருக்கும் கட்டி மறைந்தது. கதிரும் இல்லை, கத்தியும் இல்லை. மலக்குடல் புற்றில் இந்த வகை நூற்றில் சில பேருக்கே இருக்கும். ஆனால் அந்தச் சிலர் யார் என்று அறிய, எடுத்த சதைத் துணுக்கிலேயே ஒரு சோதனை செய்தால் போதும். கதிர்வீச்சுக்கு நாள் குறிக்கும் முன் அந்த முடிவு கையில் இருக்கிறதா என்று குடும்பத்தார் கேட்பதில் தவறேயில்லை.

தோ பாயோ லோரோங் 8இல் வைரவிமட காளியம்மன் கோயிலும் பலதுறை மருந்தகமும் இருக்கின்றன. கோயிலுக்கு வாராவாரம் போகிறவர்களில் பலர் வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய மலப் பரிசோதனையைச் செய்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் அந்தச் சோதனைப்பெட்டி ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உரியது. சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அதை இலவசமாகவே தருகிறது. வீட்டிலேயே இரண்டு வெவ்வேறு நாட்களில் சிறு குச்சியால் தொட்டு, குப்பியில் அடைத்து அனுப்ப வேண்டியதுதான். ஆனால் இந்தப் பெட்டி அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு. மலத்தில் ரத்தத்தைக் கண்ணால் பார்த்துவிட்டவர், மலம் கழிக்கும் பழக்கம் வாரக்கணக்கில் மாறியவர், போய்வந்த பிறகும் இன்னும் வரவேண்டியிருப்பதுபோல் உணர்கிறவர், பெட்டியைத் தேடாமல் நேரே மருத்துவரைப் பார்த்து விரல் பரிசோதனையும் குழாய்க் கேமராப் பரிசோதனையும் கேட்க வேண்டும். 1923இல் சீதபேதி என்று சொன்னதை இன்று நம் வீடுகளில் மூலம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.